ஜோசப் பாப்

ஜோசப் பாப் (ஜூன் 22, 1921 - அக்டோபர் 31, 1991) அமெரிக்காவைச் சேர்ந்த நாடகத் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆவார். நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழா என்ற அமைப்பையும், பப்ளிக் தியேட்டர் என்று அறியப்படும் பொது அரங்கையும் நிறுவியவர் இவரே. நியூயார்க் நகரப் பூங்காக்களில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கட்டணமின்றி நிகழ்த்தியதற்காகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இவர் தயாரித்த நாடகங்களில் யார் யார் நடித்தார்கள் என்பது அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரர் வேடங்களும் ஒத்தெல்லோ வேடமும் தவிர வேறு வாய்ப்புகள் அரிதாக இருந்த காலத்தில், அவர்களை இங்கிலாந்தின் அரசர்களாகவும் உரோமைப் படைத்தலைவர்களாகவும் இவர் மேடையேற்றினார். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், மோர்கன் ஃப்ரீமன், ராவுல் ஹூலியா, டென்சல் வாஷிங்டன் ஆகியோர் இவரது அரங்குகளில் நடித்தவர்களுள் சிலர். (இவரது பெயருக்கும் பாப் இசைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பாப்பிரோஃப்ஸ்கி என்ற குடும்பப் பெயரின் சுருக்கமே பாப்.)

இளமைக்காலம்

பாப் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள வில்லியம்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை போலந்திலிருந்தும் தாய் லித்துவேனியாவிலிருந்தும் குடியேறிய யூதர்கள். தந்தை பயணப்பெட்டிகள் செய்யும் தொழிலாளி. தாய் தையல் வேலை செய்தவர். வீட்டில் பேசப்பட்ட மொழி இத்திஷ். குடும்பம் கடும் வறுமையில் இருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சி அவ்வறுமையை மேலும் கூட்டியது. சிறுவனாக இருந்தபோது பாப் காலணிகளுக்கு மெருகிடுதல், கோழி இறகு பறித்தல் முதலிய வேலைகளைச் செய்து வீட்டுக்கு உதவினார். ஷேக்ஸ்பியரை இவர் முதலில் அறிந்தது வில்லியம்ஸ்பர்க் பொது நூலகத்தில் இலவசமாகக் கிடைத்த நூல்கள் வழியாகத்தான். பிற்காலத்தில் நாடகமும் நூலகத்தைப் போல எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இவர் வாதிட்டதன் வேர் இங்கே இருக்கிறது.

ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் உயர்நிலைப் பள்ளியில் இவருக்கு ஆசிரியராக இருந்தவர் யூலலி ஸ்பென்ஸ். கரிபியன் தீவான நெவிஸில் பிறந்த இவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. ஹார்லெம் மறுமலர்ச்சி எனப்படும் கலை இயக்கத்தைச் சேர்ந்த நாடகாசிரியர். வாழ்வின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராகவே கழித்தார். பேச்சுக்கலையையும் நாடகத்தையும் தமக்குக் கற்பித்தவர் என்று பாப் பிற்காலத்தில் இவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஷேக்ஸ்பியரின் மொழியைச் சரியாக உச்சரிக்க ஓர் ஏழை யூத மாணவனுக்குக் கற்றுத் தந்தவர் ஒரு கறுப்பின ஆசிரியர். அம்மொழி கறுப்பின நடிகர்களின் நாவில் ஏறாது என்று பிற்காலத்தில் சிலர் கூறியபோது பாப் அதை ஏற்க மறுத்ததில் வியப்பில்லை.

1938 இல் பள்ளிப் படிப்பை முடித்த பாப் கல்லூரிக்குச் செல்லவில்லை. இளம் வயதிலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர்ந்து, வீரர்களுக்கான கலை நிகழ்ச்சிகளை நடத்தினார். போருக்குப் பின், முன்னாள் வீரர்களுக்கான அரசின் கல்வி உதவியுடன் ஹாலிவுட்டில் இருந்த ஆக்டர்ஸ் லேப் என்ற இடதுசாரிச் சார்புடைய நாடகப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர் அதன் நிர்வாகத்திலும் பங்கேற்றார். அது மூடப்பட்டபின் நியூயார்க் திரும்பி, சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தில் மேடை மேலாளராகப் பணியாற்றினார்.

பின்னணி

பாப் செய்ததன் அளவை உணர, அவருக்கு முன் அமெரிக்க மேடை எவ்வாறு இருந்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம். 1821 ஆம் ஆண்டிலேயே நியூயார்க்கில் ஆப்பிரிக்கன் குரோவ் என்ற கறுப்பினத்தவரின் அரங்கு தோன்றி, ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தை நிகழ்த்தியது. போட்டி அரங்கினரின் தொல்லையாலும் காவல்துறையின் நெருக்கடியாலும் அது சில ஆண்டுகளிலேயே முடங்கியது. ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகர் தாயகத்தில் வாய்ப்பில்லாமல் இங்கிலாந்து சென்று ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றார். அமெரிக்காவிலோ, வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடிகட்டிப் பறந்தன.

1943 இல் பால் ரோப்சன் பிராட்வேயில் ஒத்தெல்லோவாக நடித்தார். அந்நாடகம் 296 முறை நிகழ்த்தப்பட்டது. இது பெரும் சாதனைதான். ஆயினும் ஒத்தெல்லோ கறுப்பினத்தவன் என்று நாடகத்திலேயே எழுதப்பட்ட பாத்திரம். ஹாம்லெட்டோ லியரோ அவ்வாறு அல்ல. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் இருந்த நேஷனல் தியேட்டர், கறுப்பினப் பார்வையாளர்களை அனுமதிக்க மறுத்து, நடிகர் சங்கத்தின் புறக்கணிப்பால் 1948 இல் நாடகங்களையே நிறுத்திக்கொண்டது. அது 1952 இல்தான் அனைவருக்கும் திறந்த அரங்காக மீண்டும் இயங்கத் தொடங்கியது. மேடையில் மட்டுமின்றி இருக்கைகளிலும் நிறம் பார்க்கப்பட்ட காலம் அது.

நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழா

1954 இல் பாப், நகரின் கீழ் கிழக்குப் பகுதியில் இருந்த ஒரு தேவாலயத்தின் கூடத்தில் ஷேக்ஸ்பியர் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். இதுவே பின்னர் நியூயார்க் ஷேக்ஸ்பியர் விழா எனப் பெயர் பெற்றது. நடிகர்களுக்கு ஊதியம் இல்லை. பாப் பகலில் தொலைக்காட்சியில் வேலை செய்து மற்ற நேரத்தில் நாடகம் தயாரித்தார்.

1956 கோடையில், ஈஸ்ட் ரிவர் பூங்காவில் பயனற்றுக் கிடந்த திறந்தவெளி அரங்கில் ஜூலியஸ் சீசர், டேமிங் ஆஃப் தி ஷ்ரூ ஆகிய நாடகங்கள் கட்டணமின்றி நிகழ்த்தப்பட்டன. சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் அதற்கு முன் மேடை நாடகம் எதையும் பார்த்ததில்லை. சீசரை எச்சரிக்கும் குறிசொல்பவனாக நடித்தவர் ரோஸ்கோ லீ பிரவுன் என்ற கறுப்பின நடிகர். அவருக்கு அதுவே முதல் மேடை. பிரவுன் பின்னர் அமெரிக்க மேடையின் மிகச்சிறந்த குரல்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாப் எந்த ஓர் அறிக்கையும் வெளியிட்டு இதைத் தொடங்கவில்லை. 1956 இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பேருந்து இருக்கைகளுக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்தது. இவரோ தேர்வுக்கு வந்த நடிகர்களில் நன்றாகப் பேசியவர்களைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவே. கொள்கையாக அது வடிவம் பெற்றது பின்னர்தான்.

1957 இல் ஒரு சரக்கு வண்டியின் மேல் அமைக்கப்பட்ட மடக்கு மேடையுடன் குழு நகரின் பல பகுதிகளுக்கும் சென்றது. வண்டி சென்ட்ரல் பூங்காவில் பெல்வெடேர் ஏரியின் அருகில் பழுதாகி நின்றுவிட, அங்கேயே நாடகங்களைத் தொடர்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. விழா அன்று முதல் அவ்விடத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டது.

விசாரணையும் வழக்கும்

1958 ஜூன் மாதம், அமெரிக்காவுக்கு எதிரான நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு பாப்புக்கு அழைப்பாணை அனுப்பியது. பொதுவுடைமைக் கட்சியில் தம்முடன் இருந்தவர்களின் பெயர்களைக் கூற இவர் மறுத்தார். அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமையைப் பயன்படுத்தினார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் வழியாகப் பொதுவுடைமைப் பரப்புரை செய்தாரா என்றும் கேட்கப்பட்டது. சி.பி.எஸ். நிறுவனம் இவரைப் பணிநீக்கம் செய்தது. தொழிற்சங்கத்தின் உதவியுடன் இவர் நடுவர் மன்றத்தை அணுகி, வேலையைத் திரும்பப் பெற்றார். அக்காலக் கறுப்புப் பட்டியலில் வேலை இழந்தவர்களுள் இவ்வாறு வென்றவர்கள் மிகச் சிலரே.

அடுத்த ஆண்டு நகரப் பூங்காக்களின் ஆணையராக இருந்த ராபர்ட் மோசஸ், நாடகங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டால் அனுமதி இல்லை என்றார். பார்வையாளர்களால் புல்வெளி தேய்கிறது, அதைச் சீர்செய்யப் பணம் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். நியூயார்க்கின் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் அமைத்த மோசஸை எதிர்த்து வென்றவர்கள் அரிது. பாப் வழக்குத் தொடர்ந்தார். முதலில் தோற்று, மேல்முறையீட்டில் 1959 ஜூன் மாதம் வென்றார். கட்டணம் வாங்கியிருந்தால் விழாவின் நிதி நிலைமை எளிதாகியிருக்கும். ஆனால் யாருக்காக விழா தொடங்கப்பட்டதோ அவர்களில் பெரும்பாலோர் வந்திருக்க மாட்டார்கள். இலவச இருக்கைக்கான சண்டையும் மேடையில் சம வாய்ப்புக்கான முயற்சியும் பாப்பைப் பொறுத்தவரை ஒரே வேலையின் இரு பக்கங்கள். கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து குடியேறியவர்களும் பெருகிவந்த நகரில், பார்வையாளர்கள் தம்மைப் போன்ற முகங்களை மேடையில் காண வேண்டும் என்று இவர் கருதினார்.

டெலகோர்ட் அரங்கு

பதிப்பாளர் ஜார்ஜ் டெலகோர்ட்டின் நன்கொடையுடனும் நகராட்சியின் பணத்துடனும் சென்ட்ரல் பூங்காவில் நிரந்தரத் திறந்தவெளி அரங்கு ஒன்று கட்டப்பட்டது. 1962 ஜூன் 18 அன்று மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ் நாடகத்துடன் அது திறக்கப்பட்டது. ஷைலாக்காக ஜார்ஜ் சி. ஸ்காட்டும், மொராக்கோ இளவரசனாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் நடித்தனர். இந்நாடகத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவது யூதர்கள் மீதான வெறுப்பை வளர்க்கும் என்று நியூயார்க் யூத மதகுருமார் சபை எதிர்ப்புத் தெரிவித்தது. தானே யூதரான பாப் பின்வாங்கவில்லை.

தமிழ் வாசகர்கள் பலருக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸை ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் டார்த் வேடர் குரலாக மட்டுமே தெரிந்திருக்கும். அக்குரல் பயிற்சி பெற்ற களங்களுள் முதன்மையானது பாப்பின் விழா. 1960 இல் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஓர் எளிய படைவீரனாகத் தொடங்கி, ஓபரான், காலிபன் எனப் பல வேடங்களை ஏற்று, 1964 இல் ஒத்தெல்லோவாக நடித்தார். அது பின்னர் நகரின் வேறோர் அரங்கிலும் தொடர்ந்தது. குடிசார் உரிமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் மணந்துகொள்வது 1967 வரை 16 மாநிலங்களில் குற்றமாகவே இருந்தது.

ஜோன்ஸ் அளவுக்குப் பேசப்படாதவர் ஜேன் வைட். கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைமைச் செயலராக இருந்த வால்ட்டர் வைட்டின் மகள் இவர். இவரது தோல் நிறம் வெளிர் நிறமாக இருந்தது. வெள்ளையினப் பாத்திரங்களுக்கு இவர் கறுப்பினத்தவர் என்றும், கறுப்பினப் பாத்திரங்களுக்கு இவரது நிறம் போதாது என்றும் தயாரிப்பாளர்கள் மறுத்துவந்தனர். பாப்பின் விழாவில் இவர் 1960 இல் டேமிங் ஆஃப் தி ஷ்ரூவின் கேத்தரினாவாகவும், 1965 இல் கொரியோலேனஸின் தாய் வொலும்னியாவாகவும், லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தில் பிரெஞ்சு இளவரசியாகவும் நடித்தார். 1965 ஆம் ஆண்டின் வேடங்களுக்காக ஓபி விருதும் பெற்றார்.

நடமாடும் அரங்கு

சென்ட்ரல் பூங்கா இலவசமாக இருந்தாலும், அங்கு வருபவர்களில் நடுத்தர வர்க்கத்தினரே மிகுதி என்பதைப் பாப் உணர்ந்தார். எனவே 1964 முதல் நடமாடும் அரங்கை மீண்டும் பெரிய அளவில் நடத்தினார். ஹார்லெம், பிராங்ஸ், புரூக்ளின் எனக் குடியிருப்புகளின் நடுவே மேடை விரிந்தது. ஸ்பானிய மொழியிலும் நாடகங்கள் நிகழ்ந்தன. எல்லா இடங்களிலும் வரவேற்பு ஒன்றுபோல் இருக்கவில்லை. சில இடங்களில் சிறுவர்கள் மேடை மீது கல் எறிந்ததும் உண்டு.

1967-68 இல் பாப் ஹாம்லெட்டைத் துண்டுகளாக்கி மாற்றியமைத்த ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதில் மார்ட்டின் ஷீன் நடித்தார். விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினர். அதே நாடகம் 1968 கோடையில் பூங்காக்களுக்குச் சென்றபோது ஹாம்லெட்டாக நடித்தவர் கிளீவன் லிட்டில் என்ற கறுப்பின நடிகர். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டின் கோடை அது. தந்தையின் கொலைக்கு நீதி தேடும் இளவரசனைக் கறுப்பின முகத்துடன் அப்போது பார்த்தவர்களுக்கு அது வெறும் பழைய கதையாக இருந்திருக்க முடியாது.

போர்ட்டோ ரீக்கோவில் பிறந்த ராவுல் ஹூலியாவும் இந்நடமாடும் அரங்கின் வழியே வந்தவர்தான். வேடங்கள் கிடைக்காத காலத்தில் பாப் அவருக்கு அரங்க மேலாளர் வேலை கொடுத்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஹூலியா பின்னர் பெட்ரூக்கியோ, ஒத்தெல்லோ முதலிய முதன்மை வேடங்களை ஏற்றார்.

பொது அரங்கு

லஃபாயெட் தெருவில் இருந்த பழைய ஆஸ்டர் நூலகக் கட்டிடம் இடிக்கப்படவிருந்தது. ஒரு காலத்தில் யூத அகதிகளை வரவேற்றுத் தங்கவைத்த அமைப்பும் அக்கட்டிடத்தில்தான் இயங்கியது. 1966 இல் பாப் அதை வாங்கி, உள்ளே பல சிறு அரங்குகளை அமைத்தார். 1971 இல் நகராட்சி அதனை 26 இலட்சம் டாலருக்கு வாங்கி, ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு விழாவுக்கே திருப்பித் தந்தது.

1967 அக்டோபரில் ஹேர் என்ற ராக் இசை நாடகத்துடன் பொது அரங்கு திறக்கப்பட்டது. இங்கு புதிய நாடகாசிரியர்களுக்கு முதலிடம் தரப்பட்டது. சார்லஸ் கோர்டனின் நோ பிளேஸ் டு பி சம்படி 1969 இல் இங்கே அரங்கேறியது. 1970 இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசை வென்றது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பின நாடகாசிரியர் கோர்டன். சிங் சிங் சிறையில் இருந்தபோது மிகேல் பின்யேரோ எழுதத் தொடங்கிய ஷார்ட் ஐஸ் நாடகத்தை, ஒரு தேவாலய அரங்கில் முன்னாள் சிறைக்கைதிகள் நடித்துக்கொண்டிருந்தனர். பாப் அக்குழுவை அப்படியே 1974 இல் பொது அரங்குக்கும், பிறகு லிங்கன் மையத்துக்கும் கொண்டுவந்தார். நிடொசாகே ஷாங்கே எழுதிய, ஃபார் கலர்ட் கேர்ள்ஸ் என்று சுருக்கமாக அறியப்படும் கவிதை நாடகம் 1976 இல் இங்கிருந்து பிராட்வே சென்றது. ஏழு கறுப்பினப் பெண்கள் தம் வாழ்வைத் தாமே பேசிய நாடகம் அது.

1975 இல் தொடங்கிய எ கோரஸ் லைன் இசை நாடகம் 1990 வரை பிராட்வேயில் 6,137 முறை நிகழ்ந்தது. மேற்கூறிய துணிச்சலான முயற்சிகளுக்கெல்லாம் பணம் பெருமளவில் இதிலிருந்தே வந்தது.

கிங் லியர்

1971 இல் டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா நாடகத்தை இசை நாடகமாக்கியபோது, இரு நண்பர்களில் ஒருவராகக் கறுப்பினத்தவரான கிளிஃப்டன் டேவிஸும் மற்றவராக ராவுல் ஹூலியாவும் நடித்தனர். இது பிராட்வேக்குச் சென்று 1972 இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. 1972-73 பருவத்தில் செக்காவின் செர்ரி ஆர்ச்சர்ட் முழுவதும் கறுப்பின நடிகர்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்டது. பண்ணை அடிமையின் மகன் தன் முன்னோர் உழைத்த பண்ணையையே விலைக்கு வாங்கும் கதை அது. லொப்பாகினாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தபோது, அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1973 கோடையில் டெலகோர்ட் அரங்கில் எட்வின் ஷெரின் இயக்கிய கிங் லியர் நாடகத்தில் ஜோன்ஸ் லியராக நடித்தார். மூன்று மகள்களாகவும் கறுப்பின நடிகையரே நடித்தனர். குளஸ்டர் பிரபுவாக வெள்ளையினத்தவரான பால் சொர்வினோவும், அவரது முறைசார்ந்த மகன் எட்கராக ரெனே ஓபர்ஜுன்வாவும், முறைசாராப் பிறப்புடைய எட்மண்டாக ஹூலியாவும் நடித்தனர். எட்மண்ட் தன் அண்ணனைப் போல் ஏன் மதிக்கப்படவில்லை என்ற கேள்வி, அவ்விருவரையும் பார்த்தவுடனேயே கூர்மை பெற்றது. நிறத்தைக் கவனிக்காமல் விடுவதும், நிறத்தால் நாடகத்துக்குப் புதுப்பொருள் தருவதும் வேறு வேறு. இத்தயாரிப்பில் இரண்டும் கலந்திருந்தன என்றே தோன்றுகிறது. 1974 இல் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இதன் பதிவு பல பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தது.

லிங்கன் மையம்

1973 இல் பாப் லிங்கன் மையத்தின் விவியன் பொமான்ட் அரங்கின் பொறுப்பையும் ஏற்றார். வசதி படைத்தோர் ஆண்டுச் சந்தா செலுத்தி நாடகம் பார்க்கும் இடம் அது. முதல் பருவத்திலேயே ரான் மில்னர் என்ற கறுப்பின நாடகாசிரியரின் வாட் த வைன்-செல்லர்ஸ் பை நாடகத்தை அங்கே நிகழ்த்தினார். புதிய பார்வையாளர்கள் வந்தனர். பழைய சந்தாதாரர்கள் பலர் விலகினர். இவர் பின்னர் பழகிய பழைய நாடகங்களுக்கும் புகழ்பெற்ற நடிகர்களுக்கும் இடம் தந்து ஈடுகட்ட முயன்றார். 1977 இல் அப்பொறுப்பை விட்டு விலகினார். இது இவரது தோல்விகளுள் பெரியது.

1979 ஆம் ஆண்டின் குழு

1979 இல் பாப் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க நடிகர்களை மட்டுமே கொண்ட ஷேக்ஸ்பியர் குழு ஒன்றை அமைத்தார். ஜூலியஸ் சீசர், கொரியோலேனஸ் ஆகியவை நிகழ்த்தப்பட்டன. கொரியோலேனஸாக மோர்கன் ஃப்ரீமனும் வொலும்னியாவாக குளோரியா ஃபாஸ்டரும் நடித்தனர். அப்போது அறிமுக நடிகராக இருந்த டென்சல் வாஷிங்டன் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார்.

இம்முயற்சி கலவையான வரவேற்பைப் பெற்றது. சில நடிகர்களின் உச்சரிப்பு ஷேக்ஸ்பியருக்குப் பொருந்தவில்லை என்று குறைகூறப்பட்டது. ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் உச்சரிப்பும் இன்றைய ஆங்கிலேய நடிகர்களின் உச்சரிப்பும் ஒன்றல்ல என்பதால், இக்குறையின் அடிப்படை அவ்வளவு உறுதியானதல்ல. ஆனால் பயிற்சியே அளிக்காமல் வாய்ப்பு மட்டும் அளித்தால் போதுமா என்ற கேள்வி நியாயமானது. நாடகப் பள்ளிகளின் கதவுகள் திறக்காதவரை மேடையின் கதவைத் திறப்பது பாதி வேலைதான். அக்குழு நிலையான அமைப்பாக வளரவில்லை.

1986-87 இல் எஸ்டெல் பார்சன்ஸ் தலைமையில் பல இன நடிகர்களைக் கொண்ட குழு ஒன்று, பிராட்வேயின் பெலாஸ்கோ அரங்கில் நகரப் பள்ளி மாணவர்களுக்காக ஷேக்ஸ்பியர் நாடகங்களை நிகழ்த்தியது. பார்வையாளர்களாக வந்த மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன், ஆசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

ஆசிய நடிகர்களின் எதிர்ப்பு

சமத்துவத்தின் முன்னோடி என்று புகழப்பட்ட பாப்பின் அரங்கிலேயே, 1970களின் இறுதியில் ஒரு நாடகத்தில் ஆசியப் பாத்திரத்தை வெள்ளையின நடிகர் ஏற்றார். நியூயார்க்கின் ஆசிய அமெரிக்க நடிகர்கள் அரங்கின் முன் எதிர்ப்புத் தெரிவித்தனர். பாப் அவர்களை அழைத்துப் பேசினார். தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, எதிர்த்தவர்களுள் ஒருவரையே ஆசிய அமெரிக்க நாடகங்களைத் தேடித் தரும் பணியில் அமர்த்தினார். அவ்வாறு வந்து சேர்ந்ததுதான் டேவிட் ஹென்றி ஹ்வாங் மாணவப் பருவத்தில் எழுதிய எஃப்.ஓ.பி. நாடகம். அது 1980 இல் பொது அரங்கில் நிகழ்ந்தது. ஹ்வாங்கின் அடுத்தடுத்த நாடகங்களையும் பாப் தயாரித்தார். 1988 இல் எம். பட்டர்ஃபிளை நாடகத்துக்காக ஹ்வாங் டோனி விருது பெற்றார்.

விமர்சனங்கள்

பாப் எளிதில் பழகக்கூடியவர் அல்லர். கோபக்காரர், முடிவுகளைத் தாமே எடுப்பவர், நண்பர்களோடும் நாடகாசிரியர்களோடும் சண்டையிட்டுப் பிரிந்தவர். கறுப்பின நாடகங்களை அவர் தாராளமாகத் தயாரித்தபோதும், எதைத் தயாரிப்பது என்ற அதிகாரம் அவர் ஒருவரிடமே இருந்தது. தம் யூதப் பின்னணியையும் இவர் நெடுங்காலம் வெளிப்படுத்தவில்லை. பிறர் தம் இனத்தை மறைக்காமல் மேடையில் நிற்க வழி செய்தவர், தம் பிறப்பைப் பற்றிப் பேச நடு வயதைக் கடந்தபின்னரே முன்வந்தார்.

வேறுவகையான மறுப்பு இவர் இறந்தபின் எழுந்தது. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996 இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரையில், நிறம் பாராத நடிகர் தேர்வையே நிராகரித்தார். வெள்ளையரின் நாடகங்களில் கறுப்பினத்தவருக்கு இடம் தருவதைவிட, கறுப்பினத்தவர் தம் சொந்த அரங்குகளில் தம் கதைகளைச் சொல்ல நிதி கிடைப்பதே தேவை என்பது அவர் வாதம். வில்சன் பாப்பைக் குறிவைத்துப் பேசவில்லை. எனினும் பாப்பின் வாழ்நாள் பணியின் ஒரு பாதிக்கு எதிரான வலுவான வாதம் இதுவே. கோர்டன், பின்யேரோ, ஷாங்கே ஆகியோரை மேடையேற்றிய மறுபாதியை அது தொடவில்லை.

இறுதிக்காலம்

1987 இல் பாப் ஷேக்ஸ்பியரின் எல்லா நாடகங்களையும் வரிசையாக நிகழ்த்தும் திட்டத்தைத் தொடங்கினார். இதன் பகுதியாக 1990 கோடையில் டென்சல் வாஷிங்டன் மூன்றாம் ரிச்சர்டாகவும், மோர்கன் ஃப்ரீமன் பெட்ரூக்கியோவாகவும் டெலகோர்ட் அரங்கில் நடித்தனர். நியூயார்க்கில் ஒரு கறுப்பினக் குழு அதே மூன்றாம் ரிச்சர்டை நிகழ்த்தி முடக்கப்பட்டு ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு, ஆபாசம் குறித்த உறுதிமொழியை நிபந்தனையாக வைத்த தேசியக் கலை நிதியத்தின் உதவித்தொகையை பாப் ஏற்க மறுத்தார்.

1991 ஜூன் மாதம் இவரது மகன் ஆண்டனி எய்ட்ஸ் நோயால் இறந்தார். சுக்கிலவகப் புற்றுநோயால் நீண்டகாலம் வருந்திய பாப், அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று தமது 70 ஆம் வயதில் காலமானார். ஷேக்ஸ்பியர் வரிசை இவர் இறந்தபின் 1997 இல் நிறைவு பெற்றது.

இவருக்குப் பின்

பாப்புக்குப் பின் ஜோஆன் அக்கலைட்டிஸ் பொறுப்பேற்றார். 1993 இல் ஜார்ஜ் சி. உல்ஃப் அவருக்குப் பதிலாக நியமிக்கப்பட்டு 2004 வரை தலைமை வகித்தார். கறுப்பினத்தவரான உல்ஃபின் த கலர்ட் மியூசியம் நாடகத்தை 1986 இல் பொது அரங்கில் நிகழ்த்தியவர் பாப்தான். எதைத் தயாரிப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் இப்போது ஒரு கறுப்பினக் கலைஞர் அமர்ந்தார். சூசன்-லோரி பார்க்ஸின் டாப்டாக்/அண்டர்டாக் 2001 இல் இங்கே அரங்கேறியது. அதற்காக 2002 இல் புலிட்சர் பரிசு பெற்ற பார்க்ஸ், நாடகத்துக்காக அப்பரிசை வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆவார். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களாகக் கறுப்பின, இலத்தீன் நடிகர்கள் தோன்றும் ஹாமில்டன் இசை நாடகமும் 2015 இல் பொது அரங்கிலிருந்தே பிராட்வே சென்றது.

டெலகோர்ட் அரங்கு புதுப்பிக்கப்பட்டு 2025 ஆகஸ்ட் மாதம் ட்வெல்ஃப்த் நைட் நாடகத்துடன் மீண்டும் திறக்கப்பட்டது. இரட்டையர்களான வயோலாவாகவும் செபாஸ்டியனாகவும் கென்யப் பெற்றோரின் மக்களான லுப்பிட்டா நியோங்கோவும் அவரது தம்பி ஜூனியர் நியோங்கோவும் நடித்தனர். நுழைவுச்சீட்டுக்குக் கட்டணம் வாங்கப்படவில்லை.